எங்கள் விடுதியின் ஓராண்டு

கல்லூரி ஆண்டறிக்கையில் மகளிர் விடுதிக்கு ஒதுக்கப்படும் இடம் பெரும்பாலும் அரைப்பக்கமே. 2023-24ஆம் கல்வியாண்டின் அறிக்கையிலும் அவ்வாறே அமைந்தது. பேச்சுப் போட்டியில் சுழற்கோப்பை, கபடியில் இரண்டாமிடம், கோலப் போட்டியில் ஆறுதற் பரிசு. மீலாது விழா, பொங்கல் விழா, நோன்பு திறப்பு நிகழ்ச்சி ஆகியன இனிதே நடந்தேறின என்று அது முடிகின்றது. அதில் பிழை ஏதும் இல்லை. எழுதியவர்மீது எங்களுக்கு மனக்குறையும் இல்லை. அரைப்பக்கத்தில் வேறென்ன எழுத இயலும்? ஆயினும் அவ்வாண்டில்தான் முதன்முதலாக விடுதிக்குள் காலடி வைத்து, இன்று மூன்றாமாண்டில் நிற்கும் எங்களுக்கு, அந்த அரைப்பக்கத்திற்கு வெளியே நின்றுபோன செய்திகள் பல உண்டு. துறை மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பேராசிரியர்கள் பணித்தபோது அவற்றையே எழுதுவதெனத் துணிந்தோம். நாங்கள் என்றது, மாடியில் கிழக்குப் பார்த்த பெரிய அறையில் அவ்வாண்டு ஒன்றாகக் குடியிருந்தவர்களை. எண்மராய்ப் புகுந்தோம். எழுதுவோர் அறுவர். ஏனைய இருவர் யாவர், ஏன் எழுதவில்லை என்பதே பெரும்பாலும் இக்கட்டுரை.

2023 ஆனி மாதத்தில், தகரப் பெட்டியும் தலையணையும் வாளியுமாக வந்து சேர்ந்தோம். எண்மரும் எட்டு ஊர். மூவர் தமிழ் பயில வந்தோர். மற்றவர் இயற்பியல், வணிகவியல், கணினி அறிவியல், வரலாறு எனப் பல துறையினர். அழைத்து வந்த தந்தையர் வாயிலில் விடைபெற்ற பொழுதில் நாங்கள் கண்ட முதல் வியப்பு மொழியைப் பற்றியது. காயல்பட்டினத்தாள் "வாப்பா" என்று அழுதாள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்த இராவுத்தர் வீட்டுப் பெண் "அத்தா" என்று அழுதாள். சீவைகுண்டத்துப் பக்கத்தாளுக்கு அவர் "ஐயா". இன்னொருத்திக்கு "அப்பா". அழுகை மட்டும் ஒன்று. இரவு உணவின்போது காயல்பட்டினத்தாள் "ஆணம் கொஞ்சம் ஊற்றுங்கள்" என்று கேட்க, பரிமாறிய அக்கா திகைத்து நின்றார். குழம்பை ஆணம் என்று சொல்வது பிழை என எண்ணிச் சிரித்தவர்களும் இருந்தனர். மறுநாள் தமிழ் வகுப்பில் கேட்டபோது, அகராதியிலேயே அச்சொல் குழம்பென்னும் பொருளோடு இருப்பதைப் பேராசிரியர் எடுத்துக் காட்டினார். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், ஆணம், சோறு எனத் தமிழ் முசுலிம்களின் வீடுகளில் வழங்கும் சொற்களை அன்று முதல் ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினோம். துறைக்கு ஒப்படைத்த களப்பணி ஏட்டில் பாதி, எங்கள் உணவுக்கூடத்தில் திரட்டியதே. விடுதியில் தங்காத தோழியர் இதற்காக ஊரூராய் அலைந்தனர். எங்களுக்கு வட்டிலை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாலே போதுமாயிருந்தது.

அன்றாட ஒழுங்கு எல்லா விடுதிகளுக்கும் உரியதே. வைகறையில் எழுதல், குளியலறைக்கு முந்துதல், ஆறு மணிக்குப் பின் வெளியே செல்லாமை, இரவு எட்டு மணிக்கு வருகைப் பதிவேட்டின்முன் நிற்றல். இப்பதிவேட்டைப் பற்றிப் பின்னர் நிறையச் சொல்ல வேண்டியிருப்பதால் மற்றவற்றை விட்டு மேலே செல்கின்றோம்.

ஆவணியில் ஒரு மாலை, படிப்பு நேரத்தைக் காப்பாளர் அம்மா தாமாகவே தள்ளிவைத்தார். 2023 ஆகஸ்டு 23, மாலை 6.04 மணி. சந்திரயான்-3 நிலவின் தென்முனைப் பகுதியில் தரையிறங்கியதை உணவுக்கூடத்துத் தொலைக்காட்சியில் கண்டோம். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்ற செய்தியைக் கேட்டு விழுப்புரம் எந்தத் திசை என்றுகூட அறியாதவர்களும் கைதட்டினர். சற்று நேரத்தில் மஃரிபுக்குப் பாங்கு ஒலித்தது, கூடம் அடங்கியது. ஆனால் எங்கள் அறையின் இயற்பியல் தோழிக்குப் பெரும் பண்டிகை பத்து நாள் கழித்தே வந்தது. செப்டம்பர் 2ஆம் நாள் ஆதித்யா எல்-1 விண்கலம் கதிரவனை ஆராயப் புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டையில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கல்வி முடித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் பயின்றவர். தோழியின் ஊரும் செங்கோட்டைக்கு அண்மையதே. விடுதிச் சுவரேட்டில் கதிரவனையும் புவியையும் வரைந்து, இரண்டுக்கும் நடுவே விண்கலம் நிற்கப்போகும் இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டி, பதினைந்து இலட்சம் கிலோமீட்டர் என்று எழுதினாள். கீழே சிறிய எழுத்தில், "எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்" என்று சேர்த்திருந்தாள். அது அறிவியற் செய்தியன்று என ஓர் அக்கா அடிக்கப் போனார். அடிக்க விடவில்லை நாங்கள்.

மீலாதையொட்டி விடுதியில் நடந்த சீறாப்புராணம் ஒப்பித்தற் போட்டி நினைவில் நிற்பது. உமறுப்புலவரின் அந்தக் காப்பியத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளன. போட்டிக்குப் பத்துப் பாடல் போதும் என்று விதித்தும் நடுங்கினோம். வென்றவள் எட்டயபுரத்துப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த வரலாற்று மாணவி. அவள் வீட்டில் அந்நூல் இருந்ததில்லை. அவள் மரபில் அதை ஓதுவாரும் இல்லை. ஆனால் புலவரின் அடக்கத்தலம் எட்டயபுரத்தில் இருக்கின்றது. அவ்வழியேதான் அவள் பள்ளிக்குப் பேருந்தில் சென்று வந்தாள். விருத்தத்தை எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்பது எங்களில் எவருக்கும் அவளளவு வாய்க்கவில்லை. தோற்றவர்களுக்கு அன்றிரவு சற்று மனத்தாங்கல் இருந்ததையும் மறைப்பதற்கில்லை. நெய்ச்சோறு அதைத் தீர்த்துவைத்தது.

ஐப்பசியில் விடுதி இலக்கிய வட்டத்தார் நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் 'காதலா? கடமையா?' என்னும் புதினத்தை எடுத்துக்கொண்டனர். 1938இல் உ.வே. சாமிநாதையரின் மதிப்புரையோடு வெளிவந்த நூல் அது. தமிழில் புதினம் எழுதிய முதல் முசுலிம் பெண்மணி என்று போற்றப்படும் அவர் பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரையில். கதையைப் பற்றிப் பேசவேண்டிய கூட்டம், அந்த மூன்றாம் வகுப்பைப் பற்றியே பேசிக் கலைந்தது. பள்ளிக்குப் போகாமலே எழுத முடிந்ததே, பின் விடுதி எதற்கு, கல்லூரி எதற்கு என்று ஒருத்தி கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அவ்வளவு எளிதில் விடை சொல்ல முடியவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற ஆயிரக்கணக்கானோரில் அவர் ஒருவர்தாமே நமக்குப் பெயர் தெரிந்தவர், மற்றவர் என்ன எழுதியிருப்பர் என்று நாம் எங்கே அறிவோம் என இயற்பியல் தோழி சொன்னாள். அதுதான் அவள் அவ்வாண்டு இலக்கிய வட்டத்தில் பேசிய கடைசிப் பேச்சு.

நவம்பர் 12 தீபாவளி. விடுமுறைக்கு ஊர் சென்றோர் செவ்வாய்க்கிழமை மாலை திரும்பினர். அவள் திரும்பவில்லை. பாட்டியார் நோயுற்றிருப்பதாகவும், கண்மூடுமுன் பேத்தியின் திருமணத்தைக் காண அவர் விரும்புவதாகவும், வளைகுடாவில் பணிபுரியும் உறவுப் பிள்ளை ஒருவர் சனவரி வரை விடுப்பில் வந்திருப்பதாகவும் தொலைபேசியில் செய்தி வந்தது. பருவத் தேர்வு அடுத்த வாரம். தேர்வு எழுதிவிட்டாவது போகட்டும் என்று எங்கள் காப்பாளர் அம்மா கேட்டுப் பார்த்தார். வீட்டார் இசையவில்லை.

இங்கேதான் வருகைப் பதிவேடு வருகின்றது. விடுதி விதிப்படி, முன்னறிவிப்பின்றிப் பதினைந்து நாள் வாராதவர் பெயரைச் சிவப்பு மையால் அடித்து இடத்தை அடுத்தவர்க்கு அளிக்கலாம். காப்பாளர் அம்மா அடிக்கவில்லை. ஒவ்வோரிரவும் அவள் பெயரை உரக்கப் படிப்பார். எவரும் விடை சொல்லமாட்டோம். கட்டத்தில் 'வி' என்று எழுதுவார். விடுப்பு என்பதன் முதலெழுத்து. பதினாறாம் நாளும் 'வி'. முப்பதாம் நாளும் 'வி'.

இதை எல்லாரும் போற்றவில்லை. வள்ளியூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து நாள்தோறும் இரண்டு பேருந்து மாறி வந்துபோகும் முதலாமாண்டு மாணவி ஒருத்தி காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக இருந்தாள். விடியுமுன் புறப்பட்டு, இருட்டிய பின் வீடு சேர்பவள். வகுப்பில் உறங்கிவிழுந்து ஆசிரியரிடம் ஏச்சு வாங்குபவள். வாராத ஒருத்திக்காகக் கட்டிலை வெறுமையாய் வைத்துக்கொண்டு வருகின்ற ஒருத்தியை வாட்டுவது எந்த நீதி என்று அவள் தந்தையார் அலுவலகத்தில் வந்து கேட்டார். குரல் உயர்த்தாமல்தான் கேட்டார். எங்கள் அறையிலேயே இரண்டு கட்சி ஆயிற்று. கட்டிலை எடுத்துவிட்டால் அவள் வீட்டார்க்கு அதுவே சாக்காகிவிடும், 'விடுதியில் இடம் போய்விட்டது' என்று முடித்துவிடுவர் என ஒரு கட்சி. நம் தோழிமீதுள்ள அன்பை வேறொருத்தியின் உறக்கத்தில் கைவைத்து நாம் காட்டக்கூடாது என மறு கட்சி. இரண்டிலும் உண்மை இருந்தது. காப்பாளர் அம்மா இருவர் சொல்லையும் கேட்டார். திங்கள் முதல் வியாழன் வரை அந்த மாணவி விருந்தினராக எங்கள் அறையில் பாயில் படுத்துக்கொள்ளட்டும் என நிர்வாகத்திடம் இசைவு பெற்றார். விதியேட்டில் அப்படியொரு வகை கிடையாது. வெறுங்கட்டில் ஒருபுறம் இருக்க, அதன் பக்கத்தில் தரையில் ஒருத்தி உறங்கிய அந்த வாரங்களை இன்று நினைத்தாலும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கின்றது.

அந்நாட்களிலேயே, நவம்பர் 23 அன்று, நீதியரசர் பாத்திமா பீவி மறைந்தார். இரவு இரங்கற் கூட்டம் நடந்தது. 1950இல் வழக்கறிஞராகப் பதிந்து, 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகி, 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்தவர். அன்று பேசிய காப்பாளர் அம்மா வரலாற்றுக் குறிப்புகளை விரைவாக முடித்துவிட்டு, 1950க்கும் 1989க்கும் நடுவிலுள்ள ஆண்டுகளைக் கரும்பலகையில் கழித்துக் காட்டினார். முப்பத்தொன்பது. "நடுவில் எங்காவது அவர் பெயரை யாரேனும் அடித்திருந்தால்?" என்று மட்டும் கேட்டு அமர்ந்தார். அவர் யாரை நினைத்துப் பேசினார் என்பது கூட்டத்தில் அனைவர்க்கும் தெரிந்தது.

டிசம்பர் முதல் வாரத்தில் அவரும், இரு பேராசிரியைகளும், எங்கள் ஊர் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரும் தோழியின் ஊருக்குச் சென்றனர். திருமணத்தைத் தள்ளிவைக்கக் கேட்கத்தான் சென்றனர், அது நடக்கவில்லை. பாட்டியாரின் நிலை உண்மையிலேயே கவலைக்கிடமாக இருந்ததைக் கண்டு, வற்புறுத்த மனமின்றி எழுந்தபோது மணமகனாக வரவிருந்தவரே வாய்திறந்தாராம். தாம் சனவரியில் கடல் கடந்து போய்விட்டால் மூன்றாண்டு ஒப்பந்தம். அதுவரை அவள் வீட்டில் இருந்து என்ன செய்வாள், படிக்கட்டுமே என்றாராம். பெரியவர் உடனே, வாய்ச்சொல்லாக வேண்டாம், நிக்காஹ் பதிவேட்டிலேயே எழுதிவிடுவோம் என்றார். மணமக்கள் உடன்பட்டு விதிக்கும் நிபந்தனைகளைத் திருமண ஒப்பந்தத்தில் சேர்ப்பதற்கு மார்க்கத்தில் இடமுண்டு என்பதை அங்கிருந்தோர்க்கு விளக்கினார். மணமகள் பட்டப்படிப்பை முடிக்கும்வரை கல்லூரியில் தங்கிப் பயிலத் தடையில்லை என்னும் ஒரு வரி, மகர்த்தொகைக்கு அடுத்த வரியாக, அவ்வூர்ப் பள்ளிவாசலின் பதிவேட்டில் ஏறியது. நாங்கள் அந்த ஏட்டைக் கண்டதில்லை. பெரியவர் சொல்லக் கேட்டதே.

டிசம்பர் 17 ஞாயிறு. அன்று முழுதும் பெய்த மழையைப் பற்றித் தென்மாவட்டத்தார்க்கு நாங்கள் எழுதவேண்டியதில்லை. இரவில் மின்சாரம் நின்றது. கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அடங்கின. எங்கள் கல்லூரி மேட்டுநிலத்தில் இருப்பதால் வெள்ளம் வாயிற்படியோடு நின்றது. திங்கட்கிழமை காலையில் காவலர் தாத்தாவின் சிறிய வானொலியைச் சுற்றி நின்றோம். தாமிரபரணி கரைபுரண்டு ஓடுகின்றது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி சீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணியரோடு சிக்கி நிற்கின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் மழை. காயல்பட்டினத்தாள் தையல் நாடாவை எடுத்துவந்து தரையிலிருந்து சுவரில் அளந்தாள். 95 என்ற எண் அவள் இடுப்புக்கு வந்தது. மழையின் அளவும் வீட்டில் நிற்கும் நீரின் ஆழமும் ஒன்றல்ல என்று புவியியல் படிக்கும் அக்கா பொறுமையாக எடுத்துரைத்தார். அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் உம்மாவின் உயரம் அவளைவிடக் குறைவு.

மூன்று நாள் எவர் வீட்டுச் செய்தியும் கிடைக்கவில்லை. மின்னேற்றி ஓடாததால் தொட்டியில் நீர் இல்லை. இரும்பு வலையிட்டு மூடியிருந்த பழைய கிணறு திறக்கப்பட்டது. வாளி இறைக்கத் தெரிந்தவள் எங்களில் ஒருத்தியே. சீவைகுண்டத்துப் பக்கத்திலிருந்து வந்த வணிகவியல் தோழி. வாழைத்தோட்டத்துக் கிணற்றடியில் வளர்ந்தவள். கயிற்றை எப்படிப் பிடிப்பது, பாதங்களை எப்படி ஊன்றுவது என்று முதுநிலை மாணவியர்க்கெல்லாம் அவள் கற்றுக்கொடுத்தாள். அருகிலிருந்த பள்ளிக்கூடத்தில் வீடிழந்தோர் தங்கியிருக்கின்றனர் என அறிந்ததும், சமையலம்மாமார் இருக்கும் அரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் பெரிய அண்டாவில் ஏற்றினர். எரிவாயு உருளைகள் சிலவே எஞ்சியிருந்தமையால் தனித்தனிச் சமையலுக்கு வழியில்லை. பொட்டலம் கட்டும் பணி மாணவியருடையது. மூன்று நாளில் எத்தனை பொட்டலம் கட்டினோம் என்று எண்ணி எழுதி வைத்தோமில்லை; அதனால்தான் ஆண்டறிக்கையிலும் அது ஏறவில்லை போலும். விடுதிக் கிடங்கில் அடுத்த மாதத்திற்குரிய அரிசியும் தீர்ந்துபோனது. நிர்வாகத்தார் கணக்குக் கேட்கவில்லை என்பதை நன்றியோடு எழுதுகின்றோம்.

வியாழக்கிழமை காயல்பட்டினத்திலிருந்து செய்தி வந்தது. வீட்டில் நீர் புகுந்தது, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அன்று மாலையே வணிகவியல் தோழியின் ஐயா நேரில் வந்தார். பாதி வழி நடந்தும் பாதி வழி சரக்கு வண்டியில் ஏறியும் வந்தவர், கால் முழுதும் சேறு. மகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வாழை முழுதும் போயிற்று என்பதை அவர் அன்று சொல்லவில்லை. குலை தள்ளிய மரங்கள் தைப்பொங்கலுக்கு வெட்டக் காத்திருந்தவை. கடன் வாங்கி வைத்தவை.

2024 சனவரி 6ஆம் நாள் ஆதித்யா எல்-1 தன் இடத்தைச் சென்றடைந்தது. சுவரேட்டிலிருந்த பழைய படத்தின் புள்ளியைச் சிவப்பால் நிரப்பி நாளையும் எழுதினோம். பொங்கல் விடுமுறை முடிந்து சனவரி 18 மாலை, கையில் மருதாணி மங்கியிருக்க, தகரப் பெட்டியோடு இயற்பியல் தோழி படியேறினாள். இரவு எட்டு மணிக்குப் பதிவேட்டில் அவள் பெயர் படிக்கப்பட்டது. "உள்ளேன் அம்மா" என்றாள். ஒன்பது வாரத்து 'வி'க்களுக்குப் பின் அந்தக் கட்டத்தில் காப்பாளர் அம்மா வழக்கமான குறியை இட்டுவிட்டு, ஒன்றும் நடவாததுபோல அடுத்த பெயருக்குச் சென்றார். மகிழ்ச்சியைத் தவிர வேறொன்றும் அதில் இல்லை என்று எழுதிவிட்டால் உண்மையாகாது. படிப்பு முடிந்த பின் நடந்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன் என்று அவளே எங்களிடம் சொன்னாள். இதை எழுதலாமா என்று கேட்டபோது, எழுதுங்கள், என்னைப் பற்றி நானே எழுதுவது மட்டும் முறையாகாது என்று ஒதுங்கிக்கொண்டாள்.

அதே விடுமுறைக்குப் பின் வணிகவியல் தோழி திரும்பவில்லை. அவளுக்காகவும் 'வி' எழுதப்பட்டது. அவள் வீட்டுக்கும் பேராசிரியை ஒருவர் சென்றார். கல்விக் கட்டணத்தைக் கல்லூரி ஏற்கும் என்றார். கட்டணம் ஒன்றே தடையாக இருந்திருந்தால் அது தீர்ந்திருக்கும். கடனுக்கு மாதந்தோறும் வட்டி செல்லவேண்டும். இளையவர் இருவர் பள்ளியில். மூத்தவளின் கை வேண்டியிருந்தது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டரசு தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் எங்கள் அறையில் நால்வர் மாதம் ஆயிரம் ரூபாய் பெற்றுவந்தோம். உணவுக் கட்டணத்தில் ஒரு பகுதியை அதிலேயே கட்டினோம். ஒருத்தி பாதியை ஊருக்கு அனுப்பினாள். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கே அன்று அந்த உதவி கிடைத்தது. அவள் படித்தது அரசு உதவிபெறும் பள்ளி, தமிழ்வழி. அத்தகையோர்க்கும் உதவி உண்டென 2024 டிசம்பர் 30 அன்று திட்டம் விரிவாக்கப்பட்டது. விழா நடந்த தூத்துக்குடி அவள் ஊரிலிருந்து ஒருமணி நேரப் பயணம்.

பிப்ரவரித் தொடக்கத்தில் காப்பாளர் அம்மா சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். வள்ளியூர்ப் பக்கத்து மாணவி பாயிலிருந்து கட்டிலுக்கு ஏறினாள். அவள் தந்தையார் நன்றி சொல்ல வந்தபோது, இடம் எப்படிக் கிடைத்தது என்பதை அறிந்து வாயிலிலேயே சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். அலமாரியில் ஒட்டியிருந்த பழைய பெயர்ச் சீட்டை அவள் கிழிக்கவில்லை. அதன் கீழே தன் பெயரை ஒட்டிக்கொண்டாள்.

மார்ச் 12 முதல் நோன்பு. நோன்புக் காலத்து விடுதியைக் காணாதவர்க்கு அதை விளக்குவது கடினம். பின்னிரவு மூன்று மணிக்கு அடுப்பு எரியும். சஹர் உணவுக்காக எழுவோர்க்கும் எழாதோர்க்கும் உறக்கம் ஒருசேரக் கலையும். சமையலம்மாமார்க்கு இருமடங்கு வேலை என்பதால், கஞ்சிக்குப் பருப்பும் வெந்தயமும் புடைத்துக் கொடுப்பதை மாணவியர் முறைவைத்து ஏற்றனர். நோன்பில்லாத தோழியர் பகற்பொழுது முறையை விரும்பி எடுத்துக்கொண்டனர். சஹருக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட இரண்டு மணி நேரமே அவ்வாண்டு நாங்கள் நன்றாகப் படித்த பொழுது. இயற்பியல் தோழிக்கு நவம்பரில் விட்டுப்போன முதற்பருவத் தாள்களும் இரண்டாம் பருவத் தாள்களும் ஒன்றாக நின்றன. அவளுக்கு இயங்கியலைக் கேட்டுக் கேட்டு ஒப்புவிக்க உதவியவள் தமிழ் பயிலும் எங்களில் ஒருத்தி. சூத்திரங்களின் பொருள் அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஏப்ரல் 11 பெருநாள். 19ஆம் நாள் மக்களவைத் தேர்தல். பதினெட்டு நிரம்பிப் பெயர் சேர்த்திருந்தவர்கள் ஊருக்குப் போய் முதல் வாக்கைச் செலுத்தி, விரலில் மையோடு தேர்வுக்கு வந்தனர். முடிவு வெளியானபோது, அவளுக்கு ஒரு தாள் நீங்கலாக எல்லாவற்றிலும் தேர்ச்சி. அந்த ஒன்றையும் அடுத்த பருவத்தில் முடித்தாள். இப்போது முதுகலைக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கின்றாள். பள்ளிவாசல் ஏட்டிலுள்ள வரி பட்டப்படிப்போடு முடிகின்றது. அதற்குமேல் அவரவர் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது.

மே மாதத்தில், விடுதி மூடும் நாளில், வணிகவியல் தோழியின் தம்பி அவளுடைய தகரப் பெட்டியை எடுத்துச்செல்ல வந்தான். பத்தாம் வகுப்பு எழுதியிருந்த சிறுவன். கையில் கணக்குப்பதிவியல் நூல் ஒன்று. கல்லூரி நூலகத்து முத்திரையோடு. பொங்கலுக்கு ஊர் போனபோது படிக்க எடுத்துச்சென்றது. மேலட்டையில் வெள்ளத்தின் கறை இல்லை. புதுத்தாளில் உறை போட்டிருந்தாள். தண்டத்தொகையை நாட்கணக்குப் போட்டு, ஒரு தாளில் பொதிந்து அனுப்பியிருந்தாள். அவள் போட்ட கணக்கும் நூலகர் போட்ட கணக்கும் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. நூலகர் நூலைப் பெற்றுக்கொண்டு, பணத்தைச் சிறுவனின் சட்டைப் பையில் வைத்து அனுப்பினார்.

தூத்துக்குடியில் ஒரு கடையில் அவள் கணக்கெழுதி வருகின்றாள். இவ்வாண்டு ஆவணியில் எங்களில் இருவர் சென்று கண்டோம். தொலைநிலைக் கல்விக்குரிய விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுபோயிருந்தோம். வாங்கி, கல்லாப்பெட்டிக்கு அடியில் மடியாமல் வைத்துக்கொண்டாள். வாடிக்கையாளர் வரவே எழுந்து வந்துவிட்டோம். நிரப்பி அனுப்பிவிட்டாளா என்று இருமுறை கேட்டு எழுதியுள்ளோம். இக்கட்டுரை அச்சுக்குச் செல்லும் இன்றுவரை விடை வரவில்லை.